திருச்சியைச் சுற்றித் தூண்டில் போட நல்ல தண்ணீர் எது?

கே.கே. நகருக்குக் குடிவந்து சில மாதம் ஆகிறது, ராடும் ரீலும் வாங்கியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பு போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கிறது, வீட்டிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் ஆறோ ஏரியோ குளமோ, மீன் கட்டாயம் கிடைக்கிற ஓர் இடத்தின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது பெயர்தான். ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு: எந்தத் தண்ணீரில் தூண்டிலுக்கு வருகிற அளவு மீன் தங்குகிறது, அந்தத் தண்ணீரில் எந்த ஓரமாக உட்கார வேண்டும், உட்கார்ந்தால் யாராவது வந்து எழுப்பிவிடுவார்களா. பெயரைச் சொன்னால் இதற்கெல்லாம் பதில் கிடைக்காது. போன வருஷம் நன்றாகக் கொடுத்த ஏரி இந்த வருஷம் நிறையாமலே போகலாம், அல்லது மீன்பிடி உரிமையை ஏலம் எடுத்தவர் மாறி, கரையில் காவல் போட்டிருக்கலாம். அதனால் தேடும் வழியைச் சொல்கிறேன். பெயர்கள் நடுவில் தானாக வரும்.

நான் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தவன். அப்புறம் வேலைக்காலம் முழுக்க ஏரி, அணை, குஞ்சுப் பண்ணை என்று நன்னீரிலேயே போய்விட்டது. தூண்டில் அதற்கும் முன்னால், டவுசர் போட்ட வயதிலேயே கைக்கு வந்துவிட்டது. இத்தனை காலத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. நம் ஊரில் மீன்பிடி இடம் தேடுவது என்றால், கோடையில் கடைசியாக வற்றுகிற தண்ணீரைத் தேடுவது. மார்கழியில் எந்த ஏரியைப் பார்த்தாலும் அழகாகத்தான் இருக்கும். கரை முட்டத் தண்ணீர், அல்லி, கொக்கு எல்லாம் இருக்கும். அதை நம்பிப் போகாதீர்கள். வைகாசியில் போய்ப் பாருங்கள்.

காரணம் எளிது. தமிழ்நாட்டில் பாசன ஏரிகள் நாற்பதாயிரம் அளவில் இருக்கின்றன. அதில் பெரும்பாலானவை ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்து, சித்திரை, வைகாசிக்குள் காய்ந்துவிடுகிறவை. அங்கே நீங்கள் பார்க்கும் கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்று கெண்டைகளும் அந்த ஏரியில் பிறந்தவை அல்ல. இவை வெள்ளம் ஓடுகிற ஆற்றில் முட்டையிடும் இனங்கள். தேங்கிய தண்ணீரில் தானாக இனம் பெருக்காது. 1957-இல் ஒடிசாவில் ஹிராலால் சவுத்ரியும் உடன் இருந்தவர்களும் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டுப் பண்ணையிலேயே முட்டையிட வைத்த பிறகுதான் இந்தக் குஞ்சுகள் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கின. இன்று ஏரி நிறைந்ததும் ஏலம் எடுத்தவர் குஞ்சு வாங்கி விடுகிறார், ஏழெட்டு மாதத்தில் அது அரைக்கிலோ, முக்கால் கிலோ ஆகிறது, தண்ணீர் இறங்கியதும் வலை போட்டு மொத்தமும் போய்விடுகிறது. எனவே ஆண்டுதோறும் வற்றுகிற ஏரியில் பெரிய கெண்டை இருக்க வழியே இல்லை. அங்கே தங்குவது சேற்றுக்குள் கிடந்து காற்றைக் குடித்துப் பிழைக்கிற விரால், குரவை, தேளி, பனையேறி மாதிரி மீன்கள்தான். பெரிய கெண்டை வேண்டுமானால், ஒரு கோடையையாவது தாண்டிய தண்ணீர் வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க இப்போது வீட்டை விட்டு வெளியே போகவே வேண்டாம். கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்து உங்கள் வீட்டைச் சுற்றி இருபத்தைந்து கிலோமீட்டர் வட்டத்தைப் பாருங்கள். மேலே பழைய படங்களைக் காட்டும் கடிகாரப் பொத்தான் இருக்கும். ஏப்ரல், மே, ஜூன் மாதப் படங்களை மட்டும் வருஷம் வருஷமாகத் தள்ளிக்கொண்டே வாருங்கள். பெரும்பாலான ஏரிகள் வெளிறிய பழுப்பாக, சீமைக்கருவேலம் மண்டித் தெரியும். சிலவற்றில் மட்டும் கரையை ஒட்டி ஒரு கரும்பச்சைத் திட்டு விடாமல் இருக்கும். மூன்று, நான்கு கோடையிலும் அதே இடத்தில் அந்தத் திட்டு இருந்தால், அதைக் குறித்து வையுங்கள். அதுதான் மடு. இன்னும் அண்மைய படம் வேண்டுமானால் ஐரோப்பியர்களின் சென்டினல்-2 செயற்கைக்கோள் ஐந்து நாளைக்கு ஒருமுறை எடுக்கும் படங்களை இலவசமாகவே பார்க்கலாம். மேகம் இல்லாத நாளாகத் தேர்ந்தெடுங்கள். படம் அவ்வளவு துல்லியமாக இருக்காது, ஆனால் தண்ணீர் இருக்கிறதா, இல்லையா என்று சொல்ல அது போதும். ஆழம் எவ்வளவு, மீன் என்ன என்பதைப் படம் சொல்லாது. அதற்கு நேரில் போகத்தான் வேண்டும்.

இன்னொரு நல்ல தடயம் செய்தித்தாளில் வரும். மாசியிலிருந்து வைகாசி வரை திருச்சி, புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கம் கிராமங்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்ததும், ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார். ஊத்தா, கச்சா, கொசுவலை, வேட்டி என்று கையில் கிடைத்ததோடு ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். அன்று என்ன மீன் கிடைத்தது என்று மறுநாள் செய்தியில் இருக்கும். படத்தையும் உற்றுப் பாருங்கள். விரால் நிறைய என்றால் அந்தக் கண்மாயில் களையும் சேறும் நிறைய என்று அர்த்தம். ஜிலேபி, அதாவது திலேப்பியா, மட்டும் என்றால் அந்த வருஷம் கெண்டைக் குஞ்சு விடவில்லை, அல்லது விட்டது தேறவில்லை என்று அர்த்தம். ஆனால் ஒன்று: திருவிழா நடந்த குளத்துக்கு அடுத்த தை வரை தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

சரி, இடம் குறித்தாயிற்று, இப்போது ஏரிக்குள் எந்தப் பக்கம்? புதிதாக வருகிறவர்கள் செய்வது, வண்டி நிறுத்த நிழல் எங்கே இருக்கிறதோ அங்கே உட்காருவது. நம் ஏரி என்பது சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் போட்ட ஒரு மண் கரை. ஆகவே ஆழம் எப்போதும் கரையோரம். எதிர்ப்பக்கம், அதாவது வரத்து வாய்க்கால் வந்து சேரும் பக்கம், விரிந்து கிடக்கும் ஆழமில்லாத பகுதி. கரையிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகு இருக்கும் இடம்தான் தாழ்ந்த புள்ளி. அங்கேதான் கடைசித் தண்ணீர் வந்து சேரும், கரைக்கு மண் எடுத்த பழைய பள்ளங்களும் அதன் பக்கத்தில் இருக்கும். கலிங்கு, அதாவது ஏரி நிறைந்ததும் உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம், வேறு கணக்கு. மழைக்காலத்தில் கலிங்கு வழியும்போது கீழே ஓடுகிற தண்ணீரை எதிர்த்து மீன் ஏறி வரும். அந்த இரண்டு, மூன்று நாளும் ஊரே அங்கே நிற்கும், உங்களுக்கு இடம் கிடைக்காது. மற்ற நாட்களில் கலிங்கில் ஒன்றும் இருக்காது.

தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை வைத்து இடம் மாறும். புதுத்தண்ணீர் வரத்து வாய்க்காலில் நுரை கட்டி வருகிற நாளில் மீன் அந்த வாய்க்கு ஓடும். புழுவும் பூச்சியும் அடித்துக்கொண்டு வருகின்றன, தண்ணீரும் குளிர்ச்சியாக இருக்கிறது. அப்போது மண்புழுவைக் கோர்த்து அடிமட்டத்தில் போட்டால் கெளுத்தி விடாது. மதகு திறந்து மட்டம் இறங்க ஆரம்பித்தால் எல்லாம் ஆழத்தை நோக்கி நகரும். அந்தச் சமயத்தில் வரத்து வாயில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் கொசுக்கடிதான் மிச்சம். மட்டம் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள, மதகுச் சுவரில் ஈரக்கோட்டைப் பாருங்கள். தண்ணீருக்கு மேலே கறுத்த ஈரப்பட்டை தெரிந்தால் இறங்குகிறது. காய்ந்த கல்லிலேயே தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றால் ஏறுகிறது அல்லது நிலையாக நிற்கிறது.

முதல் தடவை போகும்போது ராடை எடுத்துப் போகாமலே போங்கள் என்று சொல்வேன். கையில் ராடு இருந்தால் கண் தண்ணீரில் நிற்காது. காலை ஆறரை மணிக்குக் கரைமேல் நின்று அரைமணி நேரம் சும்மா பாருங்கள். அடிமண்ணைக் கிளறித் தின்கிற மிர்காலும் சாதாக் கெண்டையும் சரம் சரமாகக் குமிழ் விடும். குமிழ் ஒரே இடத்தில் மேலே வந்துகொண்டே இருந்தால் அது சேற்றில் அழுகும் வாயு. குமிழ் அரை அடி, ஒரு அடி என்று தள்ளித் தள்ளி நகர்ந்தால் அது மீன். தண்ணீர் கொஞ்சம் தெளிவாக இருந்தால் முழங்கால் ஆழத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமான குழிகள் வரிசையாகத் தெரியும். அது ஜிலேபி ஆண் மீன் வாயால் மண்ணை அள்ளிப் போட்டுக் கட்டிய கூடு. 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட மீன், இன்று அது இல்லாத குளத்தைத்தான் தேட வேண்டும். ஆனால் புதிதாகத் தூண்டில் பிடிக்கிறவருக்கு அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. சின்ன முள், ஒரு மிளகு அளவு மைதா உருண்டை, அந்தக் குழிகளுக்கு ஓரமாகத் தக்கை போட்டால் போதும்.

விரால் தன் இடத்தைத் தானே காட்டிக் கொடுக்கும். அது மேலே வந்து காற்றை விழுங்கியே தீர வேண்டும். களைக்கு நடுவே 'டபக்' என்று ஒரு சத்தம், சின்ன வட்டம் ஒன்று விரியும். அதே இடத்தில் கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அங்கே பிளாஸ்டிக் தவளையை இலைமேல் இழுத்துக்கொண்டு வாருங்கள். ஆனால் மழைக்காலத்தில் தண்ணீரின் மேல் செம்மஞ்சளாக, கை அகலத்துக்குக் குஞ்சுக் கூட்டம் ஒன்று கொதிப்பது மாதிரி நகர்ந்தால், அது விரால் பார்ப்பு. தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும், என்ன போட்டாலும் அடிக்கும். பிடிப்பது சுலபம் என்பதாலேயே அங்கே போடக் கூடாது. பெற்றவை போனால் அந்தப் பார்ப்பை மற்ற மீன்கள் சீக்கிரமே தின்றுவிடும். யூடியூபில் இதைப் பெருமையாகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

பறவைகளும் சொல்லும். நீர்க்காகம் கூட்டமாக மூழ்கி எழுந்தால் விரல் நீள மீன் ஏராளம் என்று பொருள், அவ்வளவுதான். குளிர்காலத்தில் விராலடிப்பான் என்கிற மீன்பிடிப் பருந்து ஒரு ஏரியின் மேல் நாள்தோறும் வட்டம் போட்டால், அரைக்கிலோ மீன் மேல்மட்டத்துக்கு வருகிற தண்ணீர் அது.

இனி ஆறு. நீங்கள் முக்கொம்பில் ஏமாந்ததில் வியப்பில்லை. காவிரி ஒரு கால அட்டவணைப்படி ஓடுகிற ஆறு. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். தண்ணீர் வரத்தைப் பொறுத்து இது முன்பின் ஆவது உண்டு. திறந்த தண்ணீர் திருச்சியைத் தாண்டிக் கல்லணைக்கு வர மூன்று, நான்கு நாள் ஆகும். தண்ணீர் முழு வேகத்தில் போகும்போது மணல் படுகை ஆற்றின் நடுவில் மீன் நிற்பதில்லை. அதற்கு அங்கே ஒதுங்க இடமில்லை. அது ஓரத்தில், நீரோட்டம் திரும்பிச் சுழலும் இடங்களில் இருக்கும்: வாய்க்கால் தலைப்புக்குக் கீழே, பாலத் தூணுக்குப் பின்னால், நாணலும் மரவேரும் தண்ணீரில் கிடக்கிற வளைவில். முக்கொம்பில் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நிற்கிற இடம் பூங்காவை ஒட்டிய படித்துறையும் ஷட்டர் பக்கமும். ஒன்று ஜனக்கூட்டம், இன்னொன்று இறங்கவே கூடாத இடம். ஷட்டர் எப்போது தூக்குவார்கள் என்று கரையில் நிற்கிறவருக்குத் தெரியாது.

ஆற்றுக்கு நல்ல காலம் மேட்டூர் மூடிய பிறகு. பிப்ரவரி கடைசியிலிருந்து ஓட்டம் சுருங்கி, மணலுக்கு நடுவே மடுக்கள் தனித்தனியாக நிற்க ஆரம்பிக்கும். பெரிய பரப்பில் சிதறிக் கிடந்த மீன் எல்லாம் அந்த மடுவுக்குள் ஒதுங்கும். கொள்ளிடத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வெள்ளத்தின் உபரி போகிற ஆறு என்பதால் தண்ணீர் இறங்கியதும் பாலங்களின் அடியிலும் வளைவுகளிலும் மடு தேங்கும். பெரிய ஜிலேபி, சேல் கெண்டை, வாளை, ஆரா, அதிர்ஷ்டம் இருந்தால் மேலேயிருந்து வந்த கட்லா எல்லாம் அங்கே. ஆனால் அந்த மடுவில் உள்ளூர் மீனவர்களின் வலையும் இருக்கும். அவர்களுக்கு அது பிழைப்பு. அவர்கள் வலை கட்டிய மடுவுக்குள் வீசாமல் இன்னொன்றுக்கு நடந்துவிடுவது நாகரிகம் மட்டுமல்ல, ஈய குண்டும் முள்ளும் வலையில் மாட்டி ஆகிற செலவும் மிச்சம்.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் மாதிரி படித்துறைகளில் பிண்டச் சோறு தின்று கொழுத்த மீன் காலைச் சுற்றி மொய்க்கும். பார்த்துச் சந்தோஷப்படுங்கள். தூண்டிலை வெளியே எடுக்க வேண்டாம்.

நகரத்துக்குள் ஓடுகிற உய்யக்கொண்டான் வாய்க்கால் உங்கள் வீட்டுக்குப் பக்கம்தான், பையன்கள் அதில் தங்கூஸ் கட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மீன் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் நகரத்துச் சாக்கடை சேருகிற நீளத்தில் பிடித்ததை நான் சாப்பிட மாட்டேன். பேட்டைவாய்த்தலைப் பக்கம், அதாவது ஊருக்கு மேலே, அதே வாய்க்கால் வேறு தண்ணீர். கடைசியில் அது போய்ச் சேரும் வாழவந்தான்கோட்டை ஏரி மாதிரியான, வாய்க்கால் பாசனம் உள்ள ஏரிகள் மழையை மட்டும் நம்பிய மானாவாரி ஏரிகளைவிடத் தண்ணீரை அதிக நாள் வைத்திருக்கும். திருவெறும்பூர் பக்கத்து ஏரிகளையும் லால்குடி, மண்ணச்சநல்லூர் பக்கத்து வாய்க்கால் ஏரிகளையும் முதலில் பாருங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். தெற்கே விராலிமலை, மணப்பாறைப் பக்கம் ஏரிகள் பெரும்பாலும் வானம் பார்த்தவை. நல்ல மழை வருஷத்தில் அபாரம், மற்ற வருஷங்களில் மாடு மேயும்.

அனுமதிக்கு வருகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். ஏரியில் தண்ணீர் அரசுக்குச் சொந்தம், மீன் இலவசம் என்று நினைக்கிறார்கள். மீன்பாசி உரிமை பெரும்பாலும் பசலி ஆண்டுக் கணக்கில், அதாவது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை, ஏலத்தில் போயிருக்கும். ஏரி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மீன்வளத்துறை, ஊராட்சி, நீர்வளத்துறை என்று ஏதாவது ஒன்றின் வழியாக ஏலம் நடக்கும். குஞ்சு வாங்கி விட்டவருக்கு அது முதலீடு. நீங்கள் பிடிக்கிற இரண்டு மீன் அவருக்குப் பெரிதில்லை, கேட்காமல் பிடிப்பதுதான் பிரச்சினை. வழி மிகச் சுலபம். கரையை ஒட்டிய டீக்கடையில் 'மீன் குத்தகை யாருங்க எடுத்திருக்கார்?' என்று கேளுங்கள், அரை நிமிடத்தில் பெயரும் போன் நம்பரும் வந்துவிடும். 'அண்ணே, கம்புத் தூண்டில்தான், வலை இல்லை, பிடிக்கிறதுக்குக் கிலோ கணக்கில் காசு கொடுத்துடறேன்' என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் சரி என்பார்கள். கூடவே, குஞ்சு எப்போது விட்டார், என்ன ரகம், வலை எப்போது போடப்போகிறார் என்பதும் அவர் வாயாலேயே வந்துவிடும். ஒரு மாதம் நீங்கள் கரையில் அலைந்து தெரிந்துகொள்வதை அவர் ஒரு டீ முடிவதற்குள் சொல்லிவிடுவார். முடியாது என்றால் மறுபேச்சு வேண்டாம். பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஏரி, காப்புக்காடு, அணைக் கட்டுமானம் இவற்றில் கேட்கவே வேண்டாம், போகக் கூடாது. வெடி போட்டும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கிவிட்டது. அதைச் செய்கிறவர்கள் இருக்கும் தண்ணீருக்குப் பக்கத்திலேயே நிற்காதீர்கள்.

இவ்வளவும் நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை. சந்தேகத்துக்கு உரியவை என்று சிலவும் உண்டு. அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் மீனவர் போடுகிற கணக்கு ஏரிக்குப் பொருந்துமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கடலில் ஓதம் இருக்கிறது, ஏரியில் அது இல்லை. நிலா வெளிச்சத்தில் மீன் இரவில் தின்றுவிட்டுக் காலையில் மந்தமாக இருக்கும் என்று சொல்வார்கள். இருக்கலாம், அதை நம்பி லீவு போட மாட்டேன். மாவில் சோம்பு, வெந்தயம், கருவாட்டுத்தூள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசியச் சேர்மானம் உண்டு. வாசனை மீனை இழுக்கும் என்பது உண்மை, ஆனால் கடலைப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்த உருண்டையை ஒரே இடத்தில் தொடர்ந்து போடுவதை இந்த மசாலாக்கள் மிஞ்சியதை நான் பார்த்ததில்லை. காற்று அடித்துக்கொண்டு போய்ச் சேர்க்கும் கரையில் மீன் அதிகம் என்பது பாதி உண்மை. பெரிய ஏரியில் பாசியும் மிதவை உயிரும் அங்கே ஒதுங்குவதால் கட்லா வரும், சின்னக் குளத்தில் வித்தியாசமே தெரியாது.

விடியற்காலைதான் சிறந்த நேரம் என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆற்றுக்கும் தெளிந்த ஏரிக்கும் அது சரி. ஆனால் பச்சைப் பெயின்ட் கரைத்த மாதிரி பாசி பிடித்த குளத்தில், இரவெல்லாம் அந்தப் பாசியும் சுவாசித்து ஆக்ஸிஜனைக் காலி செய்துவிடும். விடியும்போது ஆக்ஸிஜன் மிகவும் குறைவாக இருக்கும். கெண்டை வாயைத் தண்ணீருக்கு மேலே வைத்துக் காற்றுக்குத் தவிக்கும். கரையில் நிற்கிறவருக்கு மீன் மேயுது என்று தோன்றும், ஒன்றுகூட இரையைத் தொடாது. அங்கே வெயில் ஏறி எட்டரை, ஒன்பது மணிக்கு மேல் போங்கள், அல்லது மாலையில் போங்கள். மேகமூட்டம் தொடர்ந்து இருக்கிற வாரத்தில் அந்தக் குளத்தை விட்டுவிடுங்கள்.

சாப்பிடத் தகுந்த தண்ணீரா என்பதில் என் படிப்பும் கண்ணும் ஓரளவுக்குத்தான் உதவும். நாற்றம், நுரை, கறுப்பு நிறம் இருந்தால் வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடலாம். தொழிற்சாலைக் கழிவில் வருகிற உலோகங்கள் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது, ஆய்வகத்தில்தான் தெரியும். அதனால் தொழிற்பேட்டைக்குக் கீழே இருக்கும் தண்ணீரை நான் தவிர்த்துவிடுகிறேன். மண்வாடை வேறு விஷயம், அது நீலப்பச்சைப் பாசி முதலான நுண்ணுயிர்கள் விடுகிற ஒரு பொருளால் வருவது, கெடுதல் இல்லை. உயிரோடு இருக்கும் மீனை ஓரிரு நாள் சுத்தமான தண்ணீரில் விட்டு வைத்தால் குறையும், மிச்சத்தைப் புளி பார்த்துக்கொள்ளும். அப்புறம், தூண்டிலில் மீசை வைத்த பெரிய ஆப்பிரிக்கக் கெளுத்தியோ மீன்தொட்டியில் விடுகிற டேங்க் கிளீனரோ வந்தால் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். முதலாவதை வளர்ப்பதற்கே இந்தியாவில் தடை இருக்கிறது, இரண்டும் நம் மீனை அழிப்பவை.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் இங்கே ஆண்டுதோறும் உயிர் போகிறது. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் தெரியாது, முழங்கால் ஆழத்திலிருந்து அடுத்த அடியில் ஆள் மூழ்கிவிடும். வீசுவதற்காக உள்ளே இறங்காதீர்கள். கிழக்கே அணைக்கரை, சிதம்பரம் பக்கம் போனால் அதே ஆற்றில் முதலைகள் உண்டு, சும்மா சொல்லவில்லை. கைவிட்ட கல்குவாரிக் குட்டைகள் நீலமாகக் கண்ணைப் பறிக்கும். செங்குத்தான பாறை, மேய்ச்சல் இல்லாத தண்ணீர், மீனும் சொற்பம். போக வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் வாங்கியது கிராஃபைட் ராடு என்றால் மின்கம்பிக்கு அடியில் வீசக் கூடாது, அது மின்சாரம் கடத்தும். கெளுத்தி, தேளி முள் குத்தினால் கடுக்கும். தேளிக்கு விஷமும் உண்டு. தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி இறங்கும், வீக்கம் ஏறினால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வாரம் செய்வது இது. இன்று இரவு கோடைப் படங்களைப் பார்த்து, துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் ஒன்றும் லால்குடிப் பக்கம் இரண்டுமாகக் கடைசியாக வற்றுகிற ஏரிகளைக் குறிப்பேன். சனிக்கிழமை மாலை மூன்றுக்கும் வண்டியில் போய் மதகையும் ஈரக்கோட்டையும் பார்த்து, டீக்கடையில் குத்தகைக்காரர் யார் என்று விசாரிப்பேன். ஞாயிறு காலை அதில் ஒன்றே ஒன்றுக்கு, மதகிலிருந்து கொஞ்சம் தள்ளிய கரைக்கு, மண்புழுவும் புண்ணாக்கும் எடுத்துக்கொண்டு போவேன். ரீலைக்கூட வீட்டில் வைத்துவிட்டு நீளமான மூங்கில் கம்பில் தக்கை கட்டிப் போனாலும் தப்பில்லை. கரையோர மீனுக்கு அதுவே போதும், ஆழம் அளக்கவும் உதவும். அதே ஏரிக்குத் திரும்பத் திரும்பப் போய் ஒரு முழு வருஷம் மட்டம் ஏறி இறங்குவதைப் பாருங்கள்; ஊரெல்லாம் சுற்றுவதைவிட அதில்தான் கூடுதல் மீன். போய்விட்டு வந்து எந்த ஏரி, தண்ணீர் என்ன நிறம், மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா, எதைப் போட்டீர்கள் என்று எழுதுங்கள், இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.